இடுக்கில் யாரும் நடாத கிளைகள்

ஜனவரி 11, 2003

பொனிஃபாஸுக்கு,

அன்றைக்கு ஏரிமேல் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், உர்சுல். என் தம்பி, நீ. என் மகன் ஃபிடேல். அவன் மனைவி அகாத். பெரிய மீன் பிடிக்கவென்று தெற்கேயிருந்து விமானத்தில் வந்து உன் விடுதியில் தங்கியிருந்த வென்டல். ஐந்து பேரில் ஒருவன் இன்னும் ஏரிக்குள் இருக்கிறான். இந்த மார்ச் வந்தால் மூன்று வருஷம்.

நான் ஏன் தொலைபேசியில் பேசுவதில்லை என்று அகாதிடம் கேட்டாயாம். உன் குரலை இனி என் காது கேட்காது என்று கரையில் நின்று சொன்னேன், ஊரே கேட்டது. சொன்னது சொன்னதுதான். மிஷன் பள்ளியில் இரண்டு குளிர்காலம் படித்த படிப்பு இது. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். படி.

உனக்கு மறதி வந்துவிட்டதாகச் சொல்லித் திரிகிறாயாம். எனக்கு வரவில்லை. என் கல்யாணத்தில் பெரியவர்களுக்கு எடுத்து வைத்த கரிபு மானின் நாக்கை நீ கூடாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்படி இருக்க, இதையா மறப்பேன்?

அன்று காலை ஆழம் சடாரென்று இறங்கும் விளிம்பில் ஃபிடேல்தான் பனிக்கட்டியில் துளை போட்டான். ஏரிக்குக் காணிக்கையாகப் புகையிலை போட்டான். "கிழவி இங்கதான் படுத்திருக்கா, என் அம்மா வயசு இருக்கும், கோவமும் அவ்வளவு இருக்கும்" என்று வென்டலிடம் சொல்லிச் சிரித்தான். அவன் சொன்ன இடத்திலேயே அந்தக் கிழட்டு ட்ரௌட் மீன் தூண்டிலைக் கடித்தது. வென்டல் குதித்தான். "ஃபிடேல், ஓடு, எதிர்க்கரைக் குடிசையில என் பாட்டில் இருக்கு, எடுத்துட்டு வா, இன்னிக்குக் கொண்டாட்டம்" என்றான். ஃபிடேல் ஸ்கிடூ பனிவண்டியில் ஏறி, நான் நட்ட கிளைகளின் ஓரமாகவே, ஏரி குறுகும் இடுக்கைக் கடந்து போனான். நானும் அகாதும் கரைக்குப் போய் டீ வைத்தோம்.

இடுக்கில் அடியில் நீரோட்டம். எந்தக் குளிரிலும் அங்கே பனிக்கட்டி கெட்டிப்படாது, மேலே மட்டும் வெண்பனி மூடிக் கிடக்கும். அதனால் ஒவ்வொரு வருஷமும் முதல் ஆளாக நான் கோலால் தட்டிக்கொண்டே போய், கெட்டியான இடமாகப் பார்த்து ஸ்ப்ரூஸ் மரக் கிளைகளை நடுவேன். என் வரிசை நேர்க்கோடு அல்ல. தீவை ஒட்டி மேற்கே பெரிதாக வளைந்து வரும். ஒவ்வொரு கிளையிலும் என் சிவப்புப் பாவாடையில் கிழித்த துணி. அந்தத் துணி தெரிந்தால் காற்றுப் பனியில்கூட வண்டியின் வேகத்தைக் குறைக்க வேண்டாம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் மகனுக்கும் தெரியும்.

அன்று இரவு ஃபிடேல் திரும்பவில்லை. மறுநாள் காலையில் நான் பார்த்தது என்ன? என் துணி, என் கிளைகள், வேலி போல நேராக, நீரோட்டத்தின் குறுக்கே. நடுவில் கருப்பாக ஒரு ஓட்டை. மத்தியானம் பனிக்கட்டி பிளந்து கிளைகளெல்லாம் உள்ளே போய்விட்டன. நானும் நீயும் மட்டுமே பார்த்தோம். மற்றவர்கள் பார்த்தது, உடைந்த விளிம்பில் நொறுங்கிக் கிடந்த வென்டலின் பாட்டிலைத்தான். "குடிச்சுட்டு வரிசையை விட்டு விலகிட்டான்" என்று முடித்துவிட்டார்கள். குடியை விட்டு ஏழு வருஷம் ஆனவனைப் பற்றி. அவன் பெண்டாட்டியே அதை நம்பி, ஆறு வயது மகள் ஒடீலிடம், "உங்க அப்பன் குடிச்சுத்தான் செத்தான்" என்று சொல்கிறாள்.

வென்டல் மீனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் உன் விடுதிச் சுவரில் இன்னும் தொங்குகிறது. அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு கிளைகூட இல்லை. வெறும் வெள்ளை. கிளைகள் எங்கே போயின, பொனிஃபாஸ்?

எனக்கு வேண்டியது ஒன்றுதான். நீ செய்ததை ஊருக்குச் சொல். என் மகன் குடிக்கவில்லை என்று சொல்.

உர்சுல்

ஜனவரி 26

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்த நர்ஸ், "இதக் கரடி எழுதிச்சா?" என்று கேட்டாள். "கரடின்னா கடிச்சுட்டு விட்டுடும்மா, இவ எங்க அக்கா" என்றேன். கோபித்துக்கொள்ளாதே. இந்த நகரத்து ஆஸ்பத்திரியில் சிரிக்க வேறு எதுவும் இல்லை. வாரம் மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டிப் போடுகிறார்கள். ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் நிறுத்தும் இடம். ஏரி எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை.

படத்துக்காகக் கிளைகளைப் பிடுங்கினது உண்மைதான். "பின்னால குப்பையா இருக்கு, சுத்தமா வெள்ளையா வேணும்" என்று வென்டல் சொன்னான். காசு கொடுத்து வருகிறவன் கேட்டால் செய்யத்தானே வேண்டும்? மீனை நீருக்குள் விட்ட உடனே திரும்ப நட்டுவிட்டேன். எடுத்த இடத்திலேயே நட்டேன். மறுநாள் நீ பார்த்தது நேராக இருந்தது என்றால், பனிக்கட்டி நகர்ந்திருக்கும். ஏரி நகரும் என்று உனக்குத் தெரியாதா?

மீனைத் திரும்ப விட்டதற்கும் நீ என்னைத் திட்டினாய், ஞாபகம் இருக்கிறது. தன்னைக் கொடுக்க வந்த மீனோடு விளையாடினால் ஏரி திருப்பி விளையாடும் என்றாய். அந்தக் கணக்கை வேண்டுமானால் என் பேரில் எழுதிக்கொள். இதை எழுதாதே.

அகாதுக்குச் சொல், இந்த வருஷம் விடுதியை அவளே பார்த்துக்கொள்வது பெரிய விஷயம் என்று. ஒடீலுக்கு முத்தம்.

உன் தம்பி
பொனிஃபாஸ்

பிப்ரவரி 8

பொனிஃபாஸுக்கு,

ஏரி நகரும். வளைந்ததை நேராக்குமா?

அதை விடு. உனக்கு வேறு செய்தி இருக்கிறது.

இந்த வருஷம் என் முழங்கால் மடங்கவில்லை. அதனால் வரிசை நட நான் போகவில்லை. தீவுக்கு அப்பால் யாரும் போக வேண்டாம் என்று வானொலியில் சொல்லச் சொன்னேன். போன செவ்வாய்க்கிழமை அகாத் வந்து கதவில் நின்று சண்டை பிடித்தாள்.

"அத்தை, கால் வலின்னு மூணு மாசமா அழுதீங்க. இப்ப யாருக்கும் சொல்லாம இடுக்கு வரைக்கும் போயிருக்கீங்க!"

"யாருடி போனா?"

"அப்ப அந்தக் கிளைங்களை யார் நட்டாங்க, காக்காவா? உங்க சிவப்புத் துணி கட்டியிருக்கு."

அந்தப் பாவாடையில் மிச்சம் இருந்ததை ஃபிடேல் போன அன்றே அடுப்பில் போட்டுவிட்டேன். அவள் வண்டியில் ஏறிப் போய்ப் பார்த்தேன். முழங்காலை மறந்துவிட்டேன்.

கிளைகள் நின்றன, தம்பி. கரையிலிருந்து தீவை நோக்கி, நான் நடுகிற இடைவெளியில், நான் நடுகிற வளைவில். சுற்றிலும் மிதித்த தடம் இல்லை, வண்டித் தடம் இல்லை. ஊசி இலைகள் ஒவ்வொன்றிலும் கண்ணாடி போலப் பனிக்கட்டி ஏறியிருந்தது, நீரில் முக்கி எடுத்தது மாதிரி. நாம் நட்டால் மேலிருந்து குத்துவோம், காம்பைச் சுற்றி வெண்பனி உள்ளே அமுங்கும். இங்கே வெண்பனி வெளியே பிதுங்கிக் கிடந்தது. அடியிலிருந்து மேலே குத்தி வந்தது போல.

என் கிளைகள் அவை. அன்று ஏரிக்குள் போன அதே கிளைகள். இன்னும் பச்சையாக இருக்கின்றன.

நான் அழவில்லை. பெருமைப்பட்டேன். தன் அம்மாவால் முடியவில்லை என்று தெரிந்து அவன் நட்டிருக்கிறான். நீ நேராக நட்டதை அவன் வளைவாக நட்டுக் காட்டியிருக்கிறான். அகாதிடம் சொன்னேன். "அத்தை, குடிகாரனைப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் கிளைகளை விட்டுவைத்தாள். முதல் கிளைக்குப் பக்கத்தில் துளை போட்ட விருந்தாளிக்கு முப்பது பவுண்டு மீன் கிடைத்ததாம்.

இனியும் சொல்ல மாட்டாயா?

உர்சுல்

பிப்ரவரி 19

அக்கா,

ஒரே ஒரு கேள்வி. துணியின் முடிச்சு எந்தக் கைப்பக்கம் போட்டிருக்கிறது? நன்றாகப் பார்த்து எழுது. நீ வலக்கைக்காரி. அன்று உன் கிளைகளை நான் பிடுங்கும்போது துணியெல்லாம் அவிழ்ந்து கையோடு வந்தது. திரும்பக் கட்டியது நான். நானும் வலக்கைக்காரன்.

அதற்குப் பதில் வரும் வரை யாரையும் அந்தப் பக்கம் விடாதே. யார் நட்டது என்று தெரியாத கிளையின் பின்னால் போகக் கூடாது. இதை எனக்கு நீதான் கற்றுக்கொடுத்தாய், கன்னத்தில் அறைந்து. எனக்கு அப்போது ஒடீலின் வயது. அந்த அறை இன்னும் வலிக்கிறது, நீ என்ன பெருமைப்படுகிறாய்?

செத்தவன் வந்து நமக்கு வேலை செய்து கொடுப்பான் என்று நம் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இங்கே பக்கத்துப் படுக்கையில் இருப்பவன் சதுப்புநிலத்து க்ரீ இனத்து ஆள். உன் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டுத் தன் படுக்கையைச் சுவர்ப்பக்கம் தள்ளச் சொன்னான்.

பொனிஃபாஸ்

மார்ச் 2

பொனிஃபாஸுக்கு,

இடக்கை முடிச்சு. எல்லாக் கிளையிலும்.

ஃபிடேல் இடக்கையால்தான் கரண்டி பிடித்தான். கன்னியாஸ்திரி அடித்தும் மாறவில்லை. அது உனக்கும் தெரியும், அதனால்தான் கேட்டாய்.

வரிசை வளர்கிறது. வாரத்துக்கு ஒரு கிளை புதிதாக முளைக்கிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் முன்னதைவிடப் பெரிய மீன். ஊரில் இப்போது இதே பேச்சுதான். கடையில் கிழவன்கள் பந்தயம் கட்டுகிறார்கள். போன வாரம் நாற்பது பவுண்டு தாண்டிவிட்டது. விருந்தாளிகள் மீனைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்து, திரும்ப நீருக்குள் விட்டுவிட்டு, அகாதைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்.

நேற்று அவள் ஒன்று சொன்னாள். பானக் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, ஏதோ வானிலை சொல்வது போலச் சொன்னாள்.

"அத்தை, அந்த ஆழம் காட்டுற பெட்டி இருக்குல்ல. மீன் வந்தா கோடு ஏறும், இறங்கும், தூண்டிலைத் துரத்தும். இது ஏற மாட்டேங்குது. எனக்கு நேர் கீழ நின்னுக்கிட்டே இருக்கு."

"பெரிய மீனா இருக்கும்."

"நான் அடுத்த துளைக்குப் போனா அதுவும் வருது. தூண்டிலே போடலை அத்தை, அப்பவும் வருது. விருந்தாளிங்க துளையில வர்றதில்ல."

"அப்ப கெளம்பி வந்துட வேண்டியதுதானே?"

"எதுக்கு? ஒண்ணும் பண்ணலையே." ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டாள். "அங்க அவ்வளவு குளிரா இல்ல."

பொனிஃபாஸ், வெளியே எச்சில் துப்பினால் தரையில் விழும் முன் உறையும் குளிர் இது.

போகாதே என்றேன். வளைவு திரும்பும் தீவோடு நின்றுவிடுவேன், அதைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டேன் என்றாள். "அந்த மனுஷன் செத்த எடத்துக்கு நான் ஏன் போறேன், அவர் மூஞ்சியில முழிக்கவா?" என்றாள். அந்தக் கோபம் எனக்கு முதல்முறையாகப் பிடித்திருந்தது.

ஆனாலும் என் மகன் பேர் என் மகன் பேர்தான். குடிகாரன் என்ற பேரோடு அவனை அங்கே விட மாட்டேன். நிம்மதி இல்லாமல்தானே இப்படி அலைகிறான்? நீ உண்மையைச் சொன்னால் அடங்கிவிடுவான். இன்னும் எத்தனை கடிதம் எழுத வைப்பாய்?

உர்சுல்

மார்ச் 12

அக்கா,

சொல்லிவிட்டேன். இன்று காலை நம் ஊர் வானொலிக்குத் தொலைபேசி செய்தேன். பிறந்தநாள் வாழ்த்து சொல்லும் நேரம் அது. யாருக்கு வாழ்த்து என்று அந்தப் பெண் கேட்டாள். வாழ்த்து இல்லை, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். அவர்களிடம் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன்.

மீனை நீருக்குள் விட்டபோது காற்று கிளம்பிவிட்டது. வென்டலுக்கு விரல்கள் வெளுத்துவிட்டன, கத்தினான். பிடுங்கின துளைகளை வெண்பனி மூடிவிட்டது, எது எங்கே என்று தெரியவில்லை. கிளைகளை மடியில் போட்டுக்கொண்டு, வண்டியிலிருந்து இறங்காமலே, எதிர்க்கரைக் குடிசையைக் குறியாக வைத்து, போகிற போக்கில் குத்திக்கொண்டே போனேன். கனமான இரண்டு பேர், ஒரு வண்டி, எங்களைத் தாங்கியது. அதனால் கெட்டி என்று நினைத்தேன். நாங்கள் போனதில்தான் அது விரிசல் விட்டிருக்கும். குடிசையிலிருந்து கிளம்பும்போது ஃபிடேல் என்னிடம், "மாமா, வரிசை பாத்துதானே வந்தீங்க?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கரைக்குப் போய்க் கொண்டாடலாம் என்று வென்டல் கொடுத்த பாட்டில், மூடி திறக்காமல் அவன் பைக்குள் இருந்தது. குளிரில் நிற்கும் வண்டியை அன்றே கரை சேர்க்க வேண்டுமென்று அவன் மட்டும் திரும்பினான். நானும் வென்டலும் அடுப்புப் பக்கத்தில் தங்கிவிட்டோம்.

அவன் வாயில் ஒரு சொட்டு இல்லை. இதையும் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

இப்போது நான் கேட்பதை நீ செய். கெஞ்சிக் கேட்கிறேன். அகாதைப் பிடித்து வை. அவளைக் கரையில் கட்டி வைத்திருந்தது அவன்மேல் இருந்த கோபம்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய், உனக்கே தெரியாமல். அந்தக் கயிற்றை இன்று காலை நான் அறுத்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. வீட்டுக்கும் விடுதிக்கும் மாற்றி மாற்றிப் போன் போடுகிறேன். யாரும் எடுக்கவில்லை.

பொனிஃபாஸ்

மார்ச் 27

தம்பி,

உன் கடிதம் நேற்றுத்தான் விமானத்தில் வந்தது. காற்றினால் பத்து நாள் விமானமே இறங்கவில்லை.

உன் குரலைக் கேட்டேன். கேட்கக் கூடாது என்று இருந்தேன். கடையில் மாவு வாங்க நின்றபோது மேலே வானொலி பாடிக்கொண்டிருந்தது, திடீரென்று நீ. காதைப் பொத்தக் கை ஓடியது. பிறகு எடுத்துவிட்டேன். கிழவன்கள் தொப்பியைக் கழற்றினார்கள். குடிகாரன் என்று முதலில் சொன்னவனே வந்து என் கையைப் பிடித்தான். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது.

அகாத் என் பக்கத்தில் நின்றாள்.

"அத்தை, அப்ப அவர் குடிக்கலையா?"

"இல்லடி. மூணு வருஷமா அதைத்தானே சொல்றேன்."

"மூணு வருஷமா நான் திட்டிக்கிட்டே இருந்தேன் அத்தை. தலைக்கு மேல நின்னுக்கிட்டு, ஒவ்வொரு துளையிலயும் திட்டினேன். கீழ நின்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு."

வீட்டுக்கு வந்து அவன் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒடீலுக்குக் காட்டினாள். தலை பின்னிவிட்டாள். நன்றாகச் சாப்பிட்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை கார்ல் என்ற விருந்தாளியோடு போனாள். நல்ல வெயில், காற்றே இல்லை. நடந்ததைக் கார்ல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தீவு வரை துளை போட்டார்களாம். அவளுடைய பெட்டியில் அந்தக் கோடு முதல்முறையாக மேலே ஏறி வந்ததாம், மெல்ல மெல்ல, பனிக்கட்டியின் அடியைத் தொடும் வரை. அவள் எழுந்து நின்றாளாம். தீவுக்கு அப்பால் புதிதாகக் கிளைகள். அவள் நடந்தாள். கார்ல் கூப்பிட்டான். "இதோ வந்துடறேன், அவர் வரிசை போட்டு வெச்சிருக்காரு" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாளாம். போகும்போது யாருடனோ பேசிக்கொண்டே போனாளாம். சத்தமே கேட்கவில்லை என்றான். நடந்துகொண்டிருந்தாள், பிறகு இல்லை.

நான் போய்ப் பார்த்தேன். ஊர் ஆண்கள் தடுத்தார்கள், வயிற்றில் படுத்துத் தவழ்ந்து போனேன். கரை முதல் தீவு வரை வளைவு, ஒரு குறை இல்லை. தீவு தாண்டியதும் வரிசை நேரே போகிறது. குடிசையைக் குறியாக வைத்து, வேலி போல. நீ அன்று குத்தினாயே, அதே நேர்க்கோடு. கடைசிக் கிளைகளில் என் துணி இடக்கை முடிச்சோடு ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டையின் மேல் அதற்குள் கண்ணாடி போலப் புதுப் பனிக்கட்டி. அடியில் இரண்டு பேர் நின்றதைப் பார்த்தேன் என்று சொன்னால் நீ நம்புவாய். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

முதல் கிளையிலிருந்து ஒவ்வொன்றாக, பெரிதாகப் பெரிதாக, மீன் காட்டி, நிறுத்தி, கொஞ்சம் காத்திருந்து, அவளை இழுத்திருக்கிறான். தூண்டில் ஆட்டுவதில் இந்த ஏரியிலேயே அவனை மிஞ்ச ஆள் இல்லை என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கிளைகளையெல்லாம் பிடுங்கி எரித்துவிட்டேன். ஈரம், மூன்று நாள் புகைந்தது. ஒடீல் என் படுக்கையில்தான் தூங்குகிறாள். அம்மா அப்பாவிடம் போயிருக்கிறாள் என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து ஏரிக்கரை ஜன்னலை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். அந்த ஜன்னலில் பலகை அடித்துவிட்டேன். இந்தக் கோடையில் அவளைக் கூட்டிக்கொண்டு உன் ஊருக்கு வந்துவிடுகிறேன். ஏரி எந்தப் பக்கம் என்று தெரியாத ஊர்தான் எங்களுக்கு வேண்டும். வீடு பார்த்து வை. இனிப் போன் செய், எடுப்பேன்.

வென்டலை மன்னித்துவிட்டேன், அவனுக்கு இந்த ஏரி தெரியாது. ஊர்க்காரர்களை மன்னித்துவிட்டேன். உன்னையும், தம்பி. நீ காற்றில், அவசரத்தில், தெரியாமல் நட்டாய். வளைவு எங்கே, கெட்டி எங்கே என்று நன்றாகத் தெரிந்த ஒருவன், தன் அம்மாவின் துணியைக் கட்டி, தன் பிள்ளையின் தாய்க்குப் பொய் வரிசை நட்டான். அவனுக்குத் தனிமையாக இருந்திருக்கும் என்கிறார் பாதிரியார். இருக்கட்டும். நான் மன்னிக்க மாட்டேன், செத்து அவன் பக்கத்தில் போய் நின்றாலும் மன்னிக்க மாட்டேன், என் வயிற்றில் பிறந்த ஃபிடேலை.

உர்சுல்